வேலி தாண்டும் மஞ்சள் பூ

தெற்கு அந்தமானின் சௌல்தாரியில் தோட்டம் போடுபவர்களுக்குத் தண்ணீர்க் கவலை ஆண்டில் சில மாதங்கள்தான். இரண்டு பருவமழைகளும் சேர்ந்து இந்தத் தீவுகளில் சுமார் 3,000 மி.மீ. கொட்டிவிடுகின்றன. குச்சியை நட்டால் துளிர்க்கும். சிக்கலும் அங்கேதான்: நடாததும் துளிர்க்கும்.

உதாரணம், சிங்கப்பூர் டெய்சி. பெயரில்தான் சிங்கப்பூர், பூர்வீகம் அமெரிக்க வெப்பமண்டலம். பச்சைக் கம்பளம்போல் படரும். ஆண்டு முழுவதும் மஞ்சளாகப் பூக்கும். பெரிதாகக் கவனிப்பும் கேட்காது. நர்சரிக்காரர்களுக்கு இதைவிடச் சுலபமான சரக்கு ஏது? ஆனால் மண்ணைத் தொடும் கணுவிலெல்லாம் வேர்விடும். பெருக விதைகூட வேண்டாம். வெட்டிப்போட்ட ஒரு கணு போதும். தோட்டக் குப்பையை ஓடையோரம் கொட்டுபவர் உண்மையில் அங்கே நாற்று நடுகிறார்.

உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் நிபுணர் குழு 2000இல் வெளியிட்ட, உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இதற்கும் இடம் கிடைத்தது. உண்ணிச்செடியும் ஆகாயத்தாமரையும் அதே பட்டியலில் உண்டு. அவையும் அழகுக்காக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டவைதான்.

தமிழர் வீடுகளில் இன்னொரு குழப்பம். மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று நினைத்துப் பலர் வளர்ப்பது இதைத்தான். இரண்டும் நெருங்கிய உறவு. பூவும் ஏறக்குறைய ஒரே ஜாடை. காட்டிக்கொடுப்பது இலை. இருபுறமும் பல்போல நீட்டி மூன்று மடலாகத் தெரிந்தால் டெய்சி. மடலின்றி நீண்டு ஒடுங்கியிருந்தால் கரிசலாங்கண்ணி. கீரை என்று பறிக்கும் முன் கவனிப்பது நல்லது. தென்சீனாவில் இவை இரண்டும் கலந்து கலப்பினமே உருவாகியிருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். வந்த செடி இருந்த செடியின் இடத்தை மட்டுமல்ல, அதன் வம்சத்தையும் தொடுகிறது.

தீவில் இது வெறும் வேலித் தகராறு அல்ல. உலகில் வேறெங்கும் இல்லாத தாவரங்கள் அந்தமான் காடுகளில் இருக்கின்றன. அவற்றுக்குப் பின்வாங்க வேறு நிலம் கிடையாது. பரவியபின் அகற்றுவது எவ்வளவு பெரிய வேலை என்பதற்கு, அந்நியக் களைகளை ஒழிக்கத் தமிழக அரசு 2022இல் தனிக் கொள்கையே வகுக்க நேர்ந்தது சாட்சி.

வீட்டில் செய்யக்கூடியது எளிது. மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு பிடுங்க வேண்டும். பிடுங்கியதைச் சிமெண்டுத் தரையில் போட்டுச் சருகாகும்வரை காயவைக்க வேண்டும். பச்சையாக எருக்குழியில் போடக்கூடாது. விட்டுப்போன கணுக்கள் மறுபடி முளைக்கும் என்பதால் சில மாதங்களுக்குக் கண்காணிப்பு தேவை. படர்கொடி வேண்டுமென்றால் அசல் மஞ்சள் கரிசலாங்கண்ணியையே தொட்டியில் வளர்க்கலாம். அதுவும் ஓடும், ஆனால் ஓடியது கறிச்சட்டிக்கு ஆகும்.