வாடையும் கொண்டலும் அறிவியல் அல்லவா?

தமிழில் அறிவியலைச் சொல்லவியலாது என்பார் இன்றும் நம்மிடையே உளர். அன்னோர் ஒருநாள் தூத்துக்குடிக் கரைக்கு வந்து, வலை பொத்தும் பரதவர் ஒருவரிடம் காற்றைப் பற்றிக் கேட்கட்டும். வாடை, கொண்டல், தென்றல், கோடை என நாற்புறக் காற்றுக்கும் நாற்பெயர் வைத்த மொழி நம் மொழி. கடற்கரையார் தென்காற்றைச் சோழகம் என்றும் மேல்காற்றைக் கச்சான் என்றும் வழங்குவர். இவற்றை வெறும் பெயர்கள் எனக் கருதுவது பேதைமை. புயல் எங்கே நிற்கிறது என்பதைக் காட்டும் கருவி இவற்றுள் அடங்கியுள்ளது.

புயல் என்பது தாழ்ந்த காற்றழுத்தத்தைச் சுற்றியோடும் பெருங்காற்று. ஞாலம் தன்னைத்தானே சுற்றுவதால், நிலநடுக்கோட்டிற்கு வடக்கே அஃது இடஞ்சுழியாகவும் தெற்கே வலஞ்சுழியாகவும் சுழலும். (இடம்புரியையும் வலம்புரியையும் சங்கு குளிக்கும் ஊரார்க்கு யாம் விளக்க வேண்டா.) எனவே, நம் கரையில் காற்றை எதிர்நோக்கி நிற்பவனின் வலக்கைப் புறத்தே, சற்று முன்பின்னாக, அதன் நடுவிடம் இருக்கும். வாடை சீறினால் புயல் கிழக்கே, மன்னார்க் கடலில். கொண்டல் சீறினால் தெற்கே, குமரிக்கு அப்பால். அதுவே சோழகமாகத் திரும்பின், புயல் மேற்கே கடந்து விட்டது. கார்த்திகை மார்கழியில் வாடை இயல்பாகவே வீசுமாதலின், அழுத்தமானி இறங்குகிறதா என்பதையும் உடன்நோக்கல் வேண்டும்.

இந்நெறியை 1857-இல் வெளியிட்டவர் பாய்சு பாலட்டு என்னும் ஒல்லாந்து நாட்டு அறிஞர். 1658-இல் தூத்துக்குடியைக் கைப்பற்றிய அதே ஒல்லாந்தரின் வழியினர். நம் முன்னோர் இதை அவருக்கு முன்பே கண்டனர் எனப் பொய்ப்பெருமை பேச யாம் வரவில்லை. அதனை ஒரே மூச்சில் சொல்லுதற்குரிய சொற்கள் நம்மிடம் அணியமாக இருந்தன என்பதே எம் உரை. ஆங்கிலேயரோ புதுச்சொல் தேட வேண்டியிருந்தது. கல்கத்தாவில் வாழ்ந்த பிடிங்டன் என்பார், பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'சைக்ளோன்' என்பதை 1840-களில் ஆக்கினார். சூறையும் வளியும் சேர்ந்த சூறாவளி நமக்கு உண்டு.

புயல் என்னும் சொல்லோ இன்னும் வியப்பானது. குறளின் 14-ஆம் பாவில் அது மழையைக் குறிக்கும், காற்றை அன்று. முகிலுக்கும் மழைக்கும் உரிய சொல் பிற்காலத்தே பெருங்காற்றுக்கு ஆயிற்று. இஃது எத்துணைப் பொருத்தம்! 26.5 செல்சியசுக்கு மேல் சூடேறிய கடல்நீர் ஆவியாகி மேலெழுந்து முகிலாய்க் குளிரும்போது வெளிவிடும் வெப்பமே புயலின் உணவு. நிலத்தேறியதும் அவ்வுணவு அற்று அது மெலிகிறது.

இனி அளவைக்கு வருவோம். மூன்று மணித்துளிச் சராசரிக் காற்று மணிக்கு 62 கி.மீ. எட்டினால்தான் இந்திய வானிலைத் துறை அதற்குப் புயல் எனப் பெயரிடும். 31 முதல் 50 வரை தாழ்வு மண்டலம். அதற்கு மேல் ஆழ்ந்த தாழ்வு மண்டலம். (வட்டம் என்றால் ஆகாதோ?) கரைக்கு வெகுதொலைவில் இவ்விரைவைச் செயற்கைக்கோட் படத்தின் முகில்வடிவைக் கொண்டே மதிப்பிடுவர். ஆனால் 2017 நவம்பர் 29-இல் தாழ்வு மண்டலமாயிருந்தது மறுநாட் காலையிலேயே ஒக்கிப் புயலாயிற்று. பன்னாள் தங்கி மீன்பிடிப்போர் அதற்கு முன்பே ஆழ்கடலில் இருந்தனர், பலர் மீளவில்லை. படகில் இருப்பவனுக்கு மண்டலத்தின் ஆழம் எதற்கு? 'இன்றிரவு கொண்டல் முறுகும், புயல் தெற்கே, வடக்கே ஒதுங்குக' என்றன்றோ அவனுக்குச் சொல்லல் வேண்டும்?

துறைமுகக் கூண்டின் கதையும் இதுவே. எண்கள் 11. ஐந்து எனின் துறைமுகம் புயல்வழிக்கு இடப்புறம், ஆறு எனின் வலப்புறம், ஏழு எனின் நேரே அல்லது மிக அருகே. நம் நாளிதழ்களோ 'மூன்றாம் எண் கூண்டு ஏற்றப்பட்டது' என்றெழுதி அமைவன. பொருள் சொல்வது அரிது.

2020-இல் 13 நாடுகள் சேர்ந்து வெளியிட்ட 169 புயற்பெயர்களுள் இந்தியா தந்தவற்றில் 'முரசு' உண்டு. மகிழ்ச்சியே. ஆயின் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றது. பார்களை அறிந்து மூழ்கியோர் மறைந்து வருகின்றனர். அவர்தம் காற்றுச்சொற்களும் உடன்மறைகின்றன. எம் மாணவருள் மீனவச் சிறார் வீட்டில் கச்சான் என்கின்றனர். தேர்வுத்தாளில் எழுத அஞ்சுகின்றனர். கரையோரப் பள்ளி ஆசிரியர் ஒவ்வொருவரும் தம்மூர்க் கிழவர்களிடம் இச்சொற்களைக் கேட்டு, எப்புறக் காற்று, எத்திங்களில், எக்கடலில் எனக் குறித்து வைப்பாராக. நிலநூற் பாடத்தில் அவை ஏறும்வரை கரும்பலகையில் ஏறட்டும்.