காணாது மீண்ட நீர்விமானம்

கடலுக்கு நெடுந்தொலைவிலுள்ள சேலம், நாமக்கல் பக்கங்களிலும் சூழ்ச்சி வல்லானொருவனை 'எம்டன்' என்றழைக்கக் கேட்கிறோம். 1914-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாளிரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டெரித்த ஜெர்மானியக் கப்பலின் பெயர் அங்ஙனம் நம் பேச்சில் குடிபுகுந்துவிட்டது. அத்தகைய கப்பல்களைத் தேடித் திரிந்தோரையோ நம்மவர் அறியார்.

1917-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் 'வோல்ஃப்' என்னும் மற்றொரு ஜெர்மானியக் கப்பல் கொழும்பு, பம்பாய்த் துறைகளுக்கருகே கண்ணிவெடிகளை இட்டுச் சென்றது. அதனைத் தேட ஆங்கிலேயர் அனுப்பிய 'இரண்டாம் ரேவன்' என்ற கப்பல் (அதுவும் ஜெர்மானியரிடமிருந்து கைப்பற்றிய சரக்குக் கப்பலே) 'ஷார்ட் 184' என்னும் நீர்விமானத்தை ஏற்றி வந்தது. மரச்சட்டமும் துணியுமாய், சக்கரங்களுக்குப் பதில் மிதவைகள் பூண்ட விமானம் அது. சிறகுகளை மடக்கிக் கப்பலில் வைத்திருப்பர். பாரந்தூக்கியால் கடலில் இறக்கிய பின்னரே எழும்பும். ஓட்டுவார் ஒருவர், நோக்குவார் ஒருவர். அலை மிகுந்தால் எழும்புதல் அரிது. நடுக்கடலில் எஞ்சின் நின்றுவிட்டாலோ சொல்ல வேண்டுவதில்லை. அவ்வாண்டு ஏப்ரலில் மாலத்தீவுக் கடலில் ஒரு விமானம் மீளாதொழிந்தது. அதிற் சென்ற இருவரும் தீவு மக்களால் உயிர் பிழைத்தனர். வோல்ஃபோ அதற்குள் தெற்கே வெகுதூரம் போய்விட்டது. 1918 பிப்ரவரியில் சுகமே தன் நாடு சேர்ந்தது.

இதனை வீண் முயற்சி யென்பர் சிலர். யாம் அங்ஙனம் கருதோம். ஒரு தீவுக்கூட்டத்தை மேலிருந்து நோக்கி, 'இங்கே இல்லை' என்று மெய்யாய் எழுதிக் கொடுப்பதும் செய்தியேயன்றோ? மறுநாள் அவ்விடத்திற் கப்பலையும் நிலக்கரியையும் செலவிட வேண்டுவதில்லை. 1916 மே 31-இல் ஜட்லண்டுக் கடற்போரில் இவ்வினத்து விமானமொன்று பகைக் கப்பல்களைக் கண்டே அறிவித்தது. அச்செய்தி தாய்க்கப்பலோடு நின்று, கடற்படைத் தலைவரை எட்டாமற் போயிற்று. அதனினும் இது பயன்பட்டதென்றே சொல்லுவோம்.

இதை எழுதுகையில் நம் கல்லூரி ஆய்வுக்கூடத்து ஏடுகள் நினைவிற்கு வருகின்றன. புத்தகத்திலுள்ள விடை வராவிடில், நண்பன் ஏட்டைப் பார்த்து எண்ணைத் திருத்திக்கொள்ளும் வழக்கம் மாணவரிடை உண்டு. வராததற்கு மதிப்பெண் குறைக்கும் வழக்கம் ஆசிரியரிடையும் உண்டு. காணாததைக் கண்டதாக அந்த நோக்குவார் எழுதியிருப்பின் எத்தனை மாலுமிகள் வீணே அலைந்திருப்பர்! வந்ததை வந்தவாறே எழுதி, வராத காரணத்தையும் ஆராய்ந்த ஏட்டுக்கு முழு மதிப்பெண் அளிக்கவேண்டுமென்று வரும் ஆண்டில் விண்ணப்பிக்க எண்ணியுள்ளோம். ஆசிரியர் இருவர் இப்போதே இசைந்துள்ளனர்.