பழைய பயத்துக்குப் புது வைத்தியம்!

டாக்டர் ஓர் ஊரில் – நோயாளி வேறோர் ஊரில்!

சமையல் அறையில் ஒரு தட்டு கீழே விழுகிறது. "டணார்" என்று சத்தம். வீட்டில் உள்ளவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். பிறகு அவரவர் வேலையைக் கவனிக்கிறார்கள். ஒரு பெண் மட்டும் அப்படியே நின்றுவிடுகிறாள். உடம்பு நடுங்குகிறது. நெஞ்சு படபடக்கிறது. யாரோ தன்னை அடிக்க வருவதுபோலத் தோன்றுகிறது. ஆனால் அங்கே அடிக்க யாரும் இல்லை!

"என்ன ஆயிற்று?" என்று கேட்டால், அவளுக்கே சொல்லத் தெரியாது.

இது நடிப்பு அல்ல. பேய் பிடித்ததும் அல்ல. முன்பு எப்போதோ பட்ட பேரதிர்ச்சி, உடம்பிலும் மனத்திலும் தங்கி இருந்து திரும்பத் தலை காட்டுகிறது. இப்படிப்பட்டவர்களுக்கு மாதக் கணக்கில் செய்யும் சிகிச்சையை, சில நாட்களிலேயே செய்து முடிக்கும் முறை மேல்நாடுகளில் வந்திருக்கிறது. அதையும் வீட்டில் இருந்தபடியே, கம்ப்யூட்டர் மூலமாகப் பெறலாம் என்கிறார்கள்.

இது உண்மையா? எந்த அளவுக்கு நம்பலாம்? பார்ப்போம்.

படம் இல்லாத 'பிளாஷ்பேக்'

சினிமாவில் 'பிளாஷ்பேக்' வரும். கதாநாயகன் கண்ணை மூடுவான். பழைய காட்சி திரையில் ஓடும். பேரதிர்ச்சி அடைந்தவர்கள் சிலருக்கும் அப்படியே பழைய காட்சி கண் முன்னே வருவது உண்டு.

வேறு சிலருக்குக் காட்சி வராது. உணர்ச்சி மட்டும் வரும். படம் ஓடாமல் பின்னணி இசை மட்டும் கேட்பதுபோல! பயம், வெட்கம், திக்கற்ற நிலை – இவை திடீர் என்று வந்து மூடிக்கொள்ளும். இது பழைய நினைவு என்று அவருக்குத் தெரியாது. 'இப்போதே ஆபத்து' என்றுதான் தோன்றும். இதற்கு 'எமோஷனல் பிளாஷ்பேக்' என்று பெயர். அமெரிக்காவைச் சேர்ந்த பீட் வாக்கர் என்ற மனநல ஆலோசகர் 2013-ல் எழுதிய புத்தகம் இந்தப் பெயரைப் பலருக்கும் தெரியச் செய்தது. குழந்தைப் பருவத்தில் நெடுநாள் அடியும் வசையும் பட்டவர்களிடம் இது அதிகம் என்று அவர் எழுதினார்.

இது ஒரு வியாதியின் பெயர் அல்ல, ஓர் அறிகுறி. வியாதிக்கு வேறு பெயர் இருக்கிறது. முதல் உலக யுத்தத்தில் குண்டு வெடிப்புகளுக்கு இடையே இருந்த சிப்பாய்கள் பலர் காயம் இல்லாமலே நடுங்கினார்கள்; பேச்சு இழந்தார்கள். சார்லஸ் மயர்ஸ் என்ற பிரிட்டிஷ் டாக்டர் 1915-ல் அதை 'ஷெல் ஷாக்' என்று குறிப்பிட்டு எழுதினார். 1980-ல் அமெரிக்க மனநல டாக்டர்கள் சங்கம், பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மன நோயைத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. நெடுநாள் கொடுமையால் வரும் சிக்கலான வகையை உலக சுகாதார நிறுவனம் தனி நோயாக ஏற்றது. அந்தப் பட்டியல் 2022 முதல் நடைமுறையில் இருக்கிறது.

பயந்துவிட வேண்டாம். அதிர்ச்சி அடைந்தவர்கள் எல்லோருக்கும் இந்த நோய் வருவது இல்லை. பெரும்பாலோர் வீட்டார் துணையுடன் நாளடைவில் தேறிவிடுகிறார்கள். தேறாதவர்களுக்குத்தான் சிகிச்சை.

சிகிச்சை என்ன செய்கிறது?

சாதாரண நினைவுகளுக்குத் தேதி உண்டு. 'இது போன தீபாவளிக்கு நடந்தது' என்று மனம் அறியும். பேரதிர்ச்சியின் நினைவு அப்படி அல்ல. அது தேதி இல்லாத கடிதம். எப்போது பிரித்தாலும் இன்று வந்ததுபோல் இருக்கும். ஒரு வாசனை, ஒரு சத்தம், ஒரு குரல் போதும். கடிதம் தானே பிரிந்துவிடும்.

சிகிச்சை அந்தக் கடிதத்துக்குத் தேதி போடுகிறது! நடந்ததைப் பத்திரமான இடத்தில், பயிற்சி பெற்றவர் முன்னிலையில், நோயாளி திரும்பச் சொல்கிறார். 'அன்று நடந்தது அது. இன்று இருப்பது இது' என்று வேறுபாடு காண்கிறார். பயந்து ஒதுக்கிய இடங்களை மெல்ல அணுகுகிறார். இன்னொரு முறையில், நினைவை மனத்தில் வைத்துக்கொண்டே, இடமும் வலமும் அசையும் விரலைக் கண்ணால் தொடர வேண்டும். பிரான்சைன் ஷாப்பிரோ என்ற அமெரிக்கப் பெண்மணி 1987-ல் கண்டுபிடித்த முறை இது. ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்யும்போது, நினைவின் கூர்மை மழுங்குகிறது என்பது நிபுணர்கள் பலர் கருத்து.

உலக சுகாதார நிறுவனம் 2013-ல் வெளியிட்ட யோசனைகளில் இந்த இரண்டு வகைச் சிகிச்சையும் இடம் பெற்றன.

ஒரே வாரத்திலா?

வழக்கமாக இந்தச் சிகிச்சை வாரத்துக்கு ஒரு தடவை நடக்கும். மூன்று மாதம் ஆகும். இடையில் வேலை, கல்யாணம், காய்ச்சல்! 'அடுத்த வாரம் அதைப் பற்றிப் பேச வேண்டுமே' என்ற பயம் வேறு. பலர் பாதியிலேயே நின்றுவிடுவார்கள்.

ஆகவே அடுத்தடுத்த நாட்களில் நடத்தினால் என்ன என்று நிபுணர்கள் யோசித்தார்கள். இதை 'மும்முர சிகிச்சை' என்று சொல்லலாம். ஆஸ்பத்திரியில் உயிருக்கு ஆபத்தானவர்களை வைக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவு வேறு, இது வேறு.

இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த ஆங்கே ஏலர்ஸ், டேவிட் கிளார்க் முதலியோர் 121 பேரைக் கொண்டு சோதனை நடத்தினார்கள். முடிவை 2014-ல் வெளியிட்டார்கள். 7 நாள் மும்முர சிகிச்சை பெற்றவர்களில் 100-க்கு 73 பேர் தேறினார்கள். மூன்று மாதம் வாரந்தோறும் அதே சிகிச்சை பெற்றவர்களில் 100-க்கு 77 பேர். ஆறுதலாகப் பேசும் சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 43 பேர். சிகிச்சைக்காகக் காத்திருந்தவர்களிலோ 7 பேர்தான்!

ஹாலந்து தேசத்தில் இன்னும் மும்முரம். அங்கே ஒரு மருத்துவமனையில் வாரத்துக்கு 4 நாள் வீதம் இரண்டு வாரம் நோயாளிகள் தங்குவார்கள். காலையில் நினைவைச் சொல்லும் சிகிச்சை, மாலையில் கண் அசைவுச் சிகிச்சை, இடையே உடற்பயிற்சி. கடும் நோய் கொண்ட 347 பேருடைய விவரம் 2018-ல் வெளிவந்தது. பாதிக்கு மேற்பட்டவர்களிடம் நோய் நீங்கியது. நடுவில் விட்டுச் சென்றவர்கள் 100-க்கு 3 பேர்கூட இல்லை. ஆனால் ஒன்று: இந்த ஆராய்ச்சியில், சிகிச்சை பெறாதவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. அதையும் நினைவில் வைக்க வேண்டும்.

வீட்டிலிருந்தேயா?

கம்ப்யூட்டர் வழியாகச் சிகிச்சை பலிக்குமா என்று தனியே சோதித்தார்கள். கார்டிப் பல்கலைக்கழகத்தார் தலைமையில் 196 பேரிடம் நடந்த சோதனை 2022-ல் வெளியாயிற்று. ஒரு சாரார் நேரில் சிகிச்சை பெற்றார்கள். மற்றொரு சாரார் இன்டர்நெட்டில் பாடங்களைப் படித்துப் பயிற்சி செய்தார்கள். நிபுணர் ஒருவர் அவ்வப்போது வழி காட்டினார். பலன் ஏறக்குறைய ஒன்றே! ஆனால் இவர்கள் ஒரே ஒரு சம்பவத்தால் பாதிக்கப்பட்டவர்கள். நோயும் கடுமை குறைந்தது.

ஆக்ஸ்போர்டு குழுவினர் 2023-ல் வெளியிட்ட சோதனையில் 217 பேர் கலந்துகொண்டார்கள். அதிர்ச்சி நினைவைக் குறி வைத்த இன்டர்நெட் சிகிச்சை, மனச் சுமையைக் குறைக்கும் பொதுப் பயிற்சியைவிட நல்ல பலன் தந்தது. இதிலும் பின்னால் ஒரு நிபுணர் இருந்தார் என்பதை மறக்கக் கூடாது.

இரண்டும் சேர்ந்தால்?

இங்கேதான் கவனம் வேண்டும்.

மும்முர சிகிச்சைக்குச் சான்று இருக்கிறது. இன்டர்நெட் சிகிச்சைக்கும் சான்று இருக்கிறது. இரண்டையும் சேர்த்து, 'மும்முர சிகிச்சை, அதுவும் வீட்டிலேயே' என்றால், சான்று இன்னும் சிறுபிள்ளை! கொரோனாக் காலத்தில் ஹாலந்தில் இதைச் செய்து பார்த்தார்கள். 2021-ல் முடிவு வந்தது. சிக்கலான வகை நோய் கொண்டவர்களுக்கு அறிகுறிகள் குறைந்தன. நல்ல செய்திதான். ஆனால் அதில் இருந்தவர்கள் 6 பேர்! 6 பேருக்குப் பலித்தது எல்லோருக்கும் பலிக்கும் என்று சொல்லிவிட முடியாது.

ஆகவே, 'மூன்றே நாளில் முழு விடுதலை' என்று யாராவது விளம்பரம் செய்தால், அது ஆராய்ச்சி சொன்னது அல்ல, வியாபாரம் சொல்வது. தேறியவர்கள் பலர் உண்டு. தேறாதவர்களும் உண்டு. நேர்மையான வைத்தியர் இரண்டையும் சொல்வார்.

பணத்தைவிடப் பெரிய செலவு

இந்தச் சிகிச்சைக்கு என்ன வேண்டும்? செல்போன் இருக்கிறது. இன்டர்நெட் இருக்கிறது. வேறு என்ன?

ஓர் அறை வேண்டும். அதற்கு ஒரு கதவு வேண்டும்!

யாரிடமும் சொல்லாத விஷயத்தைச் சொல்லப் போகிறார். மாமியார் காதில் விழுமோ, பக்கத்து வீட்டில் கேட்குமோ என்று பயந்தால் வாய் திறக்குமா? ஒரே அறையில் ஐந்து பேர் குடியிருக்கும் வீட்டில் இது சுலபம் அல்ல. உறவினர் வீட்டு மாடி அறையோ, ஆஸ்பத்திரியில் ஒதுக்கித் தரும் ஓர் அறையோ உதவும்.

அதைவிட முக்கியம்: கொடுமை செய்தவரே அந்த வீட்டில் இருந்தால், அங்கிருந்து இந்தச் சிகிச்சை கூடவே கூடாது. முதலில் பாதுகாப்பு, பிறகு சிகிச்சை.

ஏமாறாமல் இருக்க

சேருவதற்கு முன் இவற்றைக் கேளுங்கள்:

சிகிச்சை அளிப்பவர் மனநல டாக்டரா? அல்லது முறையாகப் படித்துப் பதிவு செய்த மருத்துவ மனோதத்துவ நிபுணரா? பதிவு எண் என்ன?

முதலில் நோயைப் பரிசோதிக்கிறாரா? அல்லது பணம் கட்டியதும் நேரே சிகிச்சைதானா?

நோயாளி இருக்கும் விலாசத்தையும், அவசரத்துக்கு ஒரு வீட்டாரின் போன் நம்பரையும் வாங்கிக்கொள்கிறாரா? நல்லவர் கட்டாயம் வாங்குவார்.

நடுவில் இணைப்பு அறுந்தால் என்ன செய்வார்? சிகிச்சை நாட்கள் முடிந்த பிறகு யார் கவனிப்பார்கள்?

உயிரை விட்டுவிடும் எண்ணம், குடிப்பழக்கம் முதலியன இருந்தால் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

வீட்டார் செய்ய வேண்டியது

சிகிச்சை ஒரு நாளில் சில மணி நேரம்தான். மற்ற நேரம் எல்லாம் வீட்டாரோடுதான்!

உணர்ச்சி பாயும்போது, "எதற்கு இப்படி அழுகிறாய்? எல்லாம் முடிந்து போனதுதானே" என்று சொல்லாதீர்கள். முடிந்து போகவில்லை என்பதுதான் அவர் நோய். கேட்காமல் தொடாதீர்கள். அமைதியாக, "நான்தான் அம்மா. நீ நம் வீட்டில் இருக்கிறாய். இன்று ஞாயிற்றுக்கிழமை. பயம் இல்லை" என்று சொல்லுங்கள். காலைத் தரையில் அழுத்தி ஊன்றச் சொல்லுங்கள். கண்ணில் தெரியும் ஐந்து பொருளின் பெயரைச் சொல்லச் செய்யுங்கள். நாளும் இடமும் நினைவுக்கு வந்தால், பழைய பயம் பின்வாங்கும்.

சிகிச்சை நடக்கும் நாட்களில் தூக்கம் குறையலாம். கெட்ட கனவு கூடலாம். அந்த நாட்களில் சமையல், பிள்ளைகள், கடை வேலை எல்லாவற்றையும் மற்றவர்கள் பகிர்ந்துகொள்ளுங்கள். "உள்ளே என்ன பேசினாய்?" என்று துளைக்காதீர்கள். அவராகச் சொன்னால் கேளுங்கள்.

நம் நாட்டில்

பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-ல் 12 மாநிலங்களில் மனநல ஆய்வு நடத்தியது. தமிழ்நாடும் அதில் ஒன்று. மன நோய் உள்ளவர்களில் 100-க்கு 70 முதல் 92 பேர் வரை, நோயின் வகைக்குத் தக்கபடி, சிகிச்சை இல்லாமலே இருந்தார்கள் என்று தெரிந்தது. டாக்டர்கள் பெரிய நகரங்களில், நோயாளிகள் எங்கும்! இந்தத் தூரத்தைத் திரை குறைக்க முடியும். அதனால்தான் இந்தப் புது முறையை 'மேல்நாட்டு விஷயம்' என்று தள்ளிவிட முடியாது.

முதல் படி ஏற்கெனவே இருக்கிறது. மத்திய அரசாங்கத்தின் 'டெலி மானஸ்' சேவை 2022 அக்டோபர் 10-ந் தேதி தொடங்கியது. போன் நம்பர்: 14416. கட்டணம் இல்லை. இரவு பகல் எந்நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம். அது மும்முர சிகிச்சை அல்ல. ஆனால் அடுத்து யாரைப் பார்க்க வேண்டும் என்று வழி சொல்லும் வாசல். உயிரை விடும் எண்ணம் வந்தாலும் தயங்காமல் இந்த நம்பரைக் கூப்பிடலாம். இலங்கையில் உள்ளவர்களுக்குத் தேசிய மனநல நிறுவனத்தின் நம்பர் 1926.

2017-ம் ஆண்டு மனநலச் சட்டமும் இருக்கிறது. உடல் நோய்க்குப் போலவே மன நோய்ச் சிகிச்சைக்கும் இன்ஷூரன்ஸ் தர வேண்டும் என்று அது சொல்கிறது. பாலிசி வைத்திருப்பவர்கள் கேட்டுப் பார்க்கலாம்.

இனி நடக்க வேண்டியது என்ன? மேல்நாட்டில் பலித்த முறையை நம் ஊர் மொழியில், நம் ஊர் நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்க வேண்டும். பயிற்சி பெற்றவர்கள் பெருக வேண்டும். ஒவ்வோர் அரசாங்க ஆஸ்பத்திரியிலும் ஓர் அறையை ஒதுக்கி, ஒரு திரையை வைத்தால், தூரத்து நிபுணரிடம் கிராமத்துப் பெண்ணும் தனிமையில் பேச முடியும். பெரிய கட்டிடம் தேவை இல்லை. மூடிக்கொள்ள ஒரு கதவும், மறுபக்கம் கேட்கத் தெரிந்த ஒருவரும் போதும்.