நடைபாதை வணிகரும் நம் கடமையும்

தெருவில் பொருள் விற்பது தமிழர்க்குப் புதிதன்று. மதுரையின் நாளங்காடியையும் அல்லங்காடியையும் மதுரைக்காஞ்சி விரித்துரைக்கிறது. புகார் நகரின் வீதிகளில் பிட்டு விற்போரையும் அப்பம் விற்போரையும் மீன் விற்போரையும் உப்பு விற்போரையும் இளங்கோவடிகள் பெருவணிகரோடு ஒருங்கே வைத்து எண்ணுகிறார். நகரத்தின் சிறப்பில் சிறுவணிகர்க்கும் பங்குண்டு என்பது அப்புலவர்களின் பார்வை. இன்றைய சென்னை மாநகரில் அதே தொழிலைச் செய்வோரை நாம் எவ்வாறு எண்ணுகிறோம்? நாள்தோறும் அவர்களை ஆக்கிரமிப்பாளர் என்கிறோம். இடர் வந்துற்ற காலத்தில், "அவர்கள் எப்படியும் பிழைத்துக்கொள்வார்கள்" என்று பாராட்டுகிறோம். இவ்விரண்டனுள் பின்னதே மிகுந்த தீங்கு விளைப்பது என்பது நம் கருத்து.

2015 டிசம்பர்த் தொடக்கத்தில் அடையாறு கரைபுரண்டு நகரின் பெரும்பகுதியை மூழ்கடித்தது. தள்ளுவண்டியும் தராசும் சரக்கும் நீரோடு போயின. இழந்ததை ஈடுகட்டி நிமிர்வதற்குள், 2016 நவம்பர் 8 ஆம் நாள் இரவு ஐந்நூறு, ஆயிரம் ரூபாய்த் தாள்கள் செல்லா என அறிவிக்கப்பட்டது. புழக்கத்திலிருந்த பணத்தின் மதிப்பில் ஏறத்தாழ 86 விழுக்காடு முடங்கிற்று. கீரை வாங்க வந்தவர் கையில் இரண்டாயிரம் ரூபாய்த் தாள். விற்பவர் கையிலோ சில்லறை இல்லை. முப்பத்து நான்கு நாள்கள் கழித்து, டிசம்பர் 12 அன்று, வர்தா புயல் வீசி நகரத்து மரங்களை வேரோடு சாய்த்தது. மரநிழலையே கடையாகக் கொண்டிருந்தோர் வெட்டவெளிக்கு வந்தனர். ஓராண்டுக்குச் சற்றே மிகுந்த காலத்தில் மூன்று அடிகள்!

பின்னர் 2020 மார்ச் 25 இல் நாடு தழுவிய பொதுமுடக்கம் தொடங்கிற்று. காய்கறி விற்போர்க்கு இசைவு கிடைத்தது. துணி, செருப்பு, விளையாட்டுப் பொருள் விற்போர்க்குக் கிடைக்கவில்லை. அவ்வாண்டு ரமலான் மாதம் முழுவதும் முடக்கத்திற்குள் அடங்கியதால், பெருநாள் வணிகத்தை நம்பியிருந்த நடைபாதைத் துணிக்கடைகள் ஒரு பருவத்தையே இழந்தன. மே மாதத்தில் கோயம்பேடு சந்தை மூடப்பட்டு, மொத்தக் காய்கறி வணிகம் நகருக்கு மேற்கே திருமழிசைக்கு மாற்றப்பட்டது. அதிகாலையில் கோயம்பேடு சென்று கொள்முதல் செய்தவர்கள், வண்டி வாடகைக்கே வருவாயின் பெரும்பகுதியைக் கொடுக்க நேர்ந்தது.

இத்தனைக்கும் இடையே இவர்கள் தாக்குப்பிடித்த முறை வியக்கத்தக்கதே. நால்வர் ஐவராகக் கூடி, 'குட்டியானை' என்று மக்கள் அழைக்கும் சிறு சரக்குவண்டியை வாடகைக்கு அமர்த்தினர். பலகாரம் விற்றவர் காய்கறிக்கு மாறினார். துணி விற்றவர் முகக்கவசம் விற்றார். நாள்பட்ட பழக்கத்தை நம்பி மொத்த வணிகர் கடனுக்குச் சரக்குக் கொடுத்தனர். ஒருவர் நோயுற்றால் அவரது கடையை அடுத்த கடைக்காரர் பார்த்துக்கொண்டார். பணத்தாள் தட்டுப்பட்ட பின், எழுத்தறியாதோரும் தள்ளுவண்டியில் கியூஆர் அட்டையைத் தொங்கவிட்டனர்.

ஆயினும் இத்திறனுக்குக் கொடுக்கப்படும் விலையை நாம் கணக்கிடுவதில்லை. இடர்க்காலத்தில் இவர்கள் முதலில் தின்பது தம் கைம்முதலை. அது தீர்ந்ததும் நகை அடகுக்குப் போகிறது. மகனோ மகளோ பள்ளியை விட்டுக் கடைக்கு வருவதும் உண்டு. மறுமுதலுக்கு எஞ்சும் வழி தண்டல். பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு, 8,500 ரூபாயைக் கையில் கொடுத்து, நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள்களில் பத்தாயிரத்தையும் வாங்கிக்கொள்வது இதன் ஒருவகை. நாள்தோறும் அசல் குறைந்து வருவதையும் கருதிக் கணக்கிட்டால், ஆண்டு வட்டி நூறு விழுக்காட்டைத் தாண்டும். மழை பெய்து வணிகம் நின்ற நாளிலும் தண்டல்காரர் வருகை நிற்பதில்லை. கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003 ஆம் ஆண்டுமுதல் சட்டம் இருக்கிறது. விடியுமுன் கொள்முதலுக்குப் பணம் வேண்டுபவருக்கோ, சட்டத்தைக் காட்டிலும் தண்டல்காரரே அருகில் இருக்கிறார்.

இரண்டாவது, இடம். சிறுவணிகரின் உண்மையான மூலதனம் அவர் நிற்கும் இடமும், அவ்விடத்தில் அவரை அறிந்த வாடிக்கையாளருமே ஆவர். பர்மாவிலிருந்து அகதிகளாய்த் திரும்பிய தமிழர்க்கு 1960களின் இறுதியில் கடற்கரை ரயில்நிலையத்தை அடுத்து இடம் ஒதுக்கப்பட்டது. அதுவே பர்மா பஜார் ஆகி, ஒரு தலைமுறையைத் தலைநிமிரச் செய்தது. மறுபுறம், பாண்டி பஜார் நடைபாதைக் கடைகள் 2013 இல் அடுக்குமாடி வளாகத்திற்குள் மாற்றப்பட்டபோது, மேல்தளம் ஏறி வாங்குவார் இல்லை என்ற குறை எழுந்தது. கூரை கிடைப்பதாலேயே வணிகம் கிடைத்துவிடாது.

நடைபாதை நடப்போர்க்கு உரியதன்றோ என வினவலாம். நியாயமான வினாவே. நடைபாதை வணிகம் அடிப்படை உரிமையுள் அடங்கும் என்று 1989 இல் கூறிய உச்சநீதிமன்றம், அது நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டது என்றும் கூறியது. ஆகவே தேவை ஒழுங்குமுறை. அதற்கென்றே 2014 ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. கணக்கெடுத்துச் சான்று வழங்கும்வரை எவரையும் அகற்றலாகாது. அகற்றுமுன் 30 நாள் அறிவிப்பு வேண்டும். கைப்பற்றிய பொருள் அழுகக்கூடியதாயின் உரியவர் கோரிய அன்றே திருப்பித் தரவேண்டும். நகர விற்பனைக் குழுவில் நாற்பது விழுக்காட்டுக்குக் குறையாமல் வணிகர் பிரதிநிதிகள் இருக்கவேண்டும் என்று அது விதிக்கிறது. கடனும் காப்பீடும் பற்றிப் பேசும்போது மட்டும், அரசு அவற்றைச் செய்யலாம் என்ற அளவில் நின்றுவிடுகிறது. 'செய்யலாம்' என்பது 'செய்தல் வேண்டும்' என்று மாறுதல் இன்றியமையாதது. 2020 ஜூன் மாதம் தொடங்கிய பிரதமர் ஸ்வநிதி திட்டம் பிணையின்றிப் பத்தாயிரம் ரூபாய் முதற்கடன் வழங்கியது நல்ல தொடக்கம். ஆனால் அதற்கும் உள்ளாட்சியின் சான்றோ பரிந்துரையோ வேண்டும். கணக்கில் இடம்பெறாதவர் கடனிலும் இடம்பெறார்.

இங்குதான் நம் கடமை தொடங்குகிறது. வட்டியை விலக்கி வாழ விழையும் சமுதாயம் நம்முடையது. வட்டியில்லாக் கடனை 'அழகிய கடன்' என்று போற்றுகிறோம். அவ்வழகு நம் தெருமுனை வரை சென்றதா என்று ஊர்ப்பெரியோர் எண்ணிப் பார்த்தல் நன்று. ஒவ்வொரு மஹல்லாவின் பைத்துல்மாலிலும் ஒரு சிறு தொகையை, வெள்ளம் வடிந்த மறுநாளே சாதி சமயம் பாராது சிறுவணிகர்க்கு மறுமுதலாய்க் கொடுக்க ஒதுக்கிவைத்தல் அரிதன்று. தண்டலில் 1,500 ரூபாயை இழப்பவர்க்கு அது பெருந்துணை. மாணவர்க்கும் பணியுண்டு. கணக்கெடுப்பில் விடுபட்டோர்க்கு விண்ணப்பம் எழுதித் தரலாம். சட்டம் தரும் உரிமைகளை எளிய தமிழில் எடுத்துரைக்கலாம். தமிழ் கற்றவர்க்கு இதனினும் பொருத்தமான தொண்டு வேறில்லை.

மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் தெருவணிகம் முடங்கிற்று. நீர் வடிந்ததும் வண்டிகள் மீண்டும் தெருவுக்கு வந்தன. அடுத்த மழையும் வரும். அப்போதும், "பிழைத்துக்கொள்வார்கள்" என்று கூறி நாம் நகர்ந்துவிடலாகாது. அவர்களின் துணிவைப் பாராட்டுமுன், அவர்களின் கடன்சுமையைக் கேட்டறிவோம்.