பயமுறுத்துபவருக்காக ஒரு ஜெபம்

இரவு நிகழ்ச்சிக்கு அழைக்கும் நேயர்கள் பலருக்கு மனசெல்லாம் பயம். வேலை போய்விடுமோ, மேலதிகாரி என்ன சொல்வாரோ என்று.

எனக்கு உடனே நினைவுக்கு வருபவர் சிங்கப்பூரின் ஆங்கிலிக்கன் பேராயர் லெனர்ட் வில்சன். 1943-இல் ஜப்பானியரின் கெம்பித்தாய் அவரைச் சித்திரவதை செய்தது. ‘இவர்களை மன்னியும்’ என்று முணுமுணுத்தபோது, அதை உண்மையிலேயே மனதாரச் சொல்கிறோமா என்று அவருக்கே சந்தேகம் வந்தது. பிறகு, அவர்களும் ஒருகாலத்தில் விளையாடித் திரிந்த குழந்தைகள்தானே என்று நினைத்துப் பார்த்தார். குழந்தைகளை வெறுக்க முடியவில்லை. 1946-இல் பிபிசி வானொலியில் அவரே இதைச் சொன்னார்.

ஜெபித்ததும் அடி நின்றுவிடவில்லை. ஆனால் பயமும் வெறுப்பும் அவரை ஆளவில்லை. போருக்குப் பின், அடித்தவர்களில் ஒருவர் அவர் கையாலேயே திடப்படுத்தல் பெற்றார்.

அநியாயம் நடந்தால் புகார் செய்யத்தான் வேண்டும். அதோடு, இன்றிரவு உங்களைப் பயமுறுத்துபவரின் பெயரைச் சொல்லியும் ஒரு நிமிடம் ஜெபியுங்களேன்.