ஆன்லைனில் வாங்கும் பழைய டிரம்: கழுவினால் மட்டும் போதுமா?

ஜீவாமிர்தம் கரைக்க, மாட்டுக்குத் தண்ணீர் வைக்க, விதை நெல்லைப் பத்திரப்படுத்த என எல்லாவற்றுக்கும் 200 லிட்டர் நீல டிரம் வசதிதான். கைபேசியில் தேடினால், புதியதைவிடக் குறைந்த விலையில் பழைய டிரம்கள் வரிசையாக வருகின்றன. 'நன்றாகக் கழுவியது' என்றும் போட்டிருப்பார்கள். பணம் கட்டும் முன் விற்பவரிடம் ஒன்றைக் கேளுங்கள்: இதில் முன்பு என்ன இருந்தது?

ரசாயனம் படிந்த காலி பேரல்கள், 2016-ம் ஆண்டின் அபாயகரமான கழிவுகள் விதிகளின்படி அபாயகரமான கழிவாகும். அனுமதி பெற்ற நிறுவனங்களுக்குத்தான் அவை போக வேண்டும். காலியான பூச்சிமருந்து டப்பாக்களை யாரும் மறுபடி பயன்படுத்தாதபடி உடைத்து, குடியிருப்புக்குத் தள்ளிப் புதைக்க வேண்டும் என்கின்றன 1971-ம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள். ஆனால் விதியை மீறிப் பழைய சந்தைக்கு வரும் டிரம்மில் லேபிள் இருக்காது. லேபிள் போனால் விவரமும் போய்விடும்.

இதன் விளைவு சாதாரணமானதல்ல. 2013 ஜூலையில் பீகாரின் சாரண் மாவட்டத்தில் மதிய உணவு சாப்பிட்ட 23 பள்ளிக் குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் பூச்சிமருந்து கலந்திருந்தது ஆய்வில் தெரியவந்தது.

ஏன் கழுவினால் போதாது? பிளாஸ்டிக் சில ரசாயனங்களை உறிஞ்சி வைத்துக்கொண்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும். அடியில் முக்கோணத்துக்குள் 2 என்ற எண் இருந்தால், அது பிளாஸ்டிக்கின் வகையை மட்டுமே சொல்லும். உள்ளே இருந்த பொருளைச் சொல்லாது.

பழைய தெளிப்பானிலும் இதே சிக்கல் உண்டு. அதில் 2,4-டி களைக்கொல்லி அடித்திருந்தால், மிச்சமிருக்கும் சிறு அளவே பருத்தி, தக்காளி இலைகளைச் சுருட்டிவிடும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா?

* மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்காதீர்கள். குழந்தைகளும் மாடுகளும் நெருங்காத, காற்றோட்டமான இடத்தில் மூடியே வையுங்கள்.
* உள்ளே மிச்சம் இருந்தால் கிணற்றிலோ வாய்க்காலிலோ கொட்டாதீர்கள். எரிக்கவும் வேண்டாம்.
* கிரைண்டராலோ கேஸ் கட்டராலோ டிரம்மை வெட்டாதீர்கள். உள்ளே தங்கிய ஆவி தீப்பொறி பட்டு வெடிக்கலாம்.
* மண்டை ஓட்டுப் படம், சிவப்பு அல்லது மஞ்சள் முக்கோணம், லேபிள் துண்டு எது தெரிந்தாலும் படம் எடுத்து வேளாண்மை அலுவலரிடமோ, மாவட்ட மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்திலோ காட்டி, அவர்கள் சொல்கிறபடி அப்புறப்படுத்துங்கள்.
* கையில் பட்டால் சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். தலைசுற்றல், வாந்தி, மூச்சுத்திணறல் வந்தால் உடனே 108-ஐ அழையுங்கள். லேபிளின் படத்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

பழைய டிரம்தான் வேண்டும் என்றால், சமையல் எண்ணெய், பழக்கூழ் போன்ற உணவுப் பொருள் வந்த டிரம்மாக, லேபிள் கிழியாமல் இருப்பதை நேரில் பார்த்து வாங்குங்கள். என்ன இருந்தது என்று தெரியாத டிரம்மைக் குடிநீருக்கும், தீவனத்துக்கும், விதைக்கும் ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள்.