வாங்குமுன் ஐந்து கேள்விகள்



சென்ற ஆவணியில் ஒரு ஞாயிறு. ஆராதனை முடிந்து மண்டபத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது என் அக்காவின் மகன் கைபேசியை நீட்டினான்.

"சித்தி, கொம்பியூட்டர் நானே பூட்டப்போறன். சாமான் எல்லாம் தெரிவு செய்திட்டன். இரவைக்கு ஓடர் பண்ணுவன்."

புரட்டாதியில் அவனுக்குப் பல்கலைக்கழகம் தொடங்குகிறது. கோடை முழுக்க ஒரு கடையில் பெட்டி தூக்கிச் சேர்த்த 800 டொலர் கையில் இருந்தது. திரையும் விசைப்பலகையும் வீட்டிலேயே இருந்தன.

பட்டியலைப் பார்த்தேன். பாதிக்கு மேல் கிராபிக்ஸ் காட்டுக்குப் போயிருந்தது. பவர் சப்ளையோ பெயரே கேள்விப்படாத ஒன்று, கடையில் இருந்ததிலேயே மலிவு. கேட்டால், "அது சும்மா கரண்ட் குடுக்கிற பெட்டிதானே சித்தி" என்றான்.

எனக்கு என் மூன்றாம் வருடப் படிப்பு நினைவுக்கு வந்தது. நானும் அப்படித்தான் மிச்சம் பிடித்தேன். ஒரு இரவு "டப்" என்று ஒரு சத்தம், பிறகு கருகல் மணம். மதர்போட்டும் ஹார்ட் டிஸ்கும் சேர்ந்து போயின. அடுத்த வாரம் கொடுக்கவேண்டிய அறிக்கை அதற்குள் இருந்தது. வேறெங்கும் பிரதி இல்லை. நித்திரையில்லாமல் முதலிலிருந்து எழுதினேன். நான் மிச்சம் பிடித்தது வெறும் முப்பது டொலர்.

மருந்து கொடுக்குமுன் தாதியர் நாங்கள் ஐந்தைச் சரிபார்ப்போம்: நோயாளி, மருந்து, அளவு, வழி, நேரம். அந்தப் பழக்கத்தில் அவனிடமும் ஐந்து கேள்விகள் கேட்டேன்.

எதற்கு? கட்டடக்கலை, முப்பரிமாண வடிவமைப்பு படிப்பவர்களுக்குக் கிராபிக்ஸ் காட் தேவைப்படலாம். உங்கள் பாடநெறி என்ன கேட்கிறது என்று முதலில் வாசியுங்கள். இவன் படிக்கப்போவது நிரல் எழுத. ரைசன் 5 5600ஜி போன்ற புரொசெசரில் கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது. அவனுக்கு அது போதும். ஆனால் கடைசி எழுத்தைக் கவனியுங்கள். ஜி இல்லாத 5600இலும், எப் என்று முடியும் இன்டெல் புரொசெசர்களிலும் அது இல்லை. காட் போடாவிட்டால் திரையில் ஒன்றும் வராது.

பொருந்துமா? அவன் பட்டியலில் ஏஎம்5 மதர்போட்டும் டிடிஆர்4 மெமரியும் இருந்தன. ஏஎம்5 டிடிஆர்5 மெமரியை மட்டுமே ஏற்கும். 5600ஜி பொருந்துவது பழைய ஏஎம்4 மதர்போட்டில், அதற்கு டிடிஆர்4. மலிவுதான், ஆனால் பின்னாளில் புதிய ஏஎம்5 புரொசெசரை அதில் மாற்றிப் போட முடியாது. அதைத் தெரிந்துகொண்டே வாங்கவேண்டும். பாவித்த மதர்போட் என்றால், அதன் பயோஸ் உங்கள் புரொசெசரை அடையாளம் காணுமா என்று தயாரிப்பாளரின் பட்டியலில் பாருங்கள்.

கரண்ட் நம்பகமானதா? பவர் சப்ளையில் உள்ள "80 பிளஸ்" முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் மாறுகிறது என்பதைத்தான் சொல்கிறது. பாதுகாப்புக்கு அது உத்தரவாதம் அல்ல. பல வருட உத்தரவாதம் தரும் நல்ல தயாரிப்பில் 550 வாட் எடுத்தால், பிறகு நடுத்தரமான ஒரு காட் போடவும் இடமிருக்கும். பழுதானாலும் அதைத் திறக்காதீர்கள். வயரைக் கழற்றிய பின்னும் உள்ளே மின்னேற்றம் நிற்கும்.

மெமரி எப்படி? 16 ஜிபி என்றால் ஒரே துண்டாக வேண்டாம், 8 ஜிபி இரண்டாக வாங்குங்கள். உள்ளே இருக்கும் கிராபிக்ஸும் இதே மெமரியைத்தான் பாவிக்கிறது; இரண்டு துண்டு போட்டால் வேகம் தெரியும். சேமிப்புக்கு எஸ்எஸ்டி.

கணக்கில் விட்டது என்ன? விண்டோஸ் உரிமத்துக்கும் காசு வேண்டும், லினக்ஸ் இலவசம். மலிவான மதர்போட்டுகள் பலவற்றில் வைபை இல்லை. பிரதி எடுத்து வைக்க ஒரு வெளி டிரைவும் தேவை. அவன் பட்டியலில் இந்த மூன்றுமே இல்லை.

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் காட்டை நீக்கினான். இரண்டு சனிக்கிழமைகளுக்குப் பிறகு எங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்துப் பூட்டினோம். ஆளியைப் போட்டதும் விசிறி சுற்றியது, திரை மட்டும் கறுப்பு. அவன் முகம் வெளிறிப்போனது. ஒவ்வொரு வயராகப் பார்த்தோம். புரொசெசருக்குப் போகும் எட்டு முள் வயரைச் செருக மறந்திருந்தான். செருகினோம், திரையில் எழுத்து வந்தது. "சித்தி!" என்று அவன் கத்தியதில் பக்கத்து வீட்டு நாயும் குரைத்தது.

மிஞ்சிய காசில் அன்றே வெளி டிரைவ் வாங்கினான். கிராபிக்ஸ் காட்டுக்கான இடம் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது. நத்தார் விடுமுறையில் வேலை செய்து வாங்கப்போகிறானாம். வாங்கட்டும். அதுவரை அவன் படிப்பு நிற்காது.

உங்கள் பட்டியலையும் கொண்டுவாருங்கள். ஓடர் பண்ணுமுன் தேநீர் நேரத்தில் சேர்ந்து பார்ப்போம்.